கைப்பிடியைச் சுற்றும் முன் ஒரு கடிதம்: பழைய கணக்குப் பொறிக்கும் டைப்ரைட்டருக்கும் அருங்காட்சியக உதவி பெறுவது எப்படி

பரணில் கிடந்த ஒரு ஃபேசிட் டைப்ரைட்டர் கைக்கு வந்திருக்கிறது. அல்லது பழைய இரும்புக் கடையில், கைப்பிடியைச் சுற்றிப் பெருக்கும் ஒரிஜினல் ஓட்னர் கணக்குப் பொறி கிடைத்திருக்கிறது. உள்ளே ஏதோ இறுகிப் போயிருக்கிறது. பழுது பார்த்த கைகள் பல ஓய்ந்துவிட்டன. செய்த கம்பெனியும் இல்லை. இந்த நிலையில் அருங்காட்சியகங்கள் உதவும். ஆனால் பலர் எதிர்பார்க்கும் வகையில் அல்ல.

அருங்காட்சியகம் உங்கள் மெஷினைப் பழுது பார்த்துத் தராது. தன் சேகரிப்பில் பதிவான மெஷினிலிருந்து ஒரு திருகுகூடக் கழற்றித் தராது. "இது எவ்வளவு பெறும்?" என்று கேட்டால் பெரும்பாலும் பதிலே வராது, விலை மதிப்பீடு செய்வதில்லை என்பது பல அருங்காட்சியகங்களின் பொதுவான விதி. அவர்களால் தரக்கூடியவை மூன்று: கம்பெனியின் பழுதுபார்ப்புக் கையேடு, பாகப் பட்டியல் போன்ற காகிதங்கள்; கலைக்கப்படாத அதே மாடல் மெஷினின் படமும் அளவும்; எந்தப் பூச்சின் மேல் எதைத் தடவக் கூடாது என்ற அறிவு. இந்த மூன்றையும் பெறுவதற்குக் கேள்வி துல்லியமாக இருக்க வேண்டும். வேலையில் பாதி அந்தக் கேள்வியைத் தயாரிப்பதுதான்.

முதலில் கையைக் கட்டிக்கொள்ளுங்கள்

மெஷின் வீட்டுக்கு வந்த அன்றே எண்ணெய் விட வேண்டாம். துரு நீக்கும் ஸ்பிரேயும் வேண்டாம். அந்த ஸ்பிரே முதலில் இளக்கும். கரைப்பான் ஆவியான பிறகு மிஞ்சும் எண்ணெய்ப் படலம் தூசியைப் பிடித்துக்கொண்டு, பழைய பிசினோடு சேர்ந்து இறுகும். நம் ஊரில் இன்னொரு வழக்கமும் உண்டு: தையல் மெஷினுக்கு விடுவதுபோல் தேங்காய் எண்ணெய் விடுவது. அது நாளடைவில் பிசினாகி இரும்போடு ஒட்டிக்கொள்ளும். உங்கள் மெஷின் இறுகியதற்குக் காரணமே அதுவாக இருக்கலாம்.

கணக்குப் பொறியானால் கைப்பிடி எங்கே நிற்கிறது என்று பாருங்கள். ஓட்னர் வகைப் பொறிகளில் கைப்பிடி தன் ஓய்வு நிலையில் பூட்டி நின்றால்தான் மற்ற பாகங்கள் நகரும். பாதிச் சுற்றில் நின்றிருந்தால் வண்டியை (இடவலமாக நகரும் கேரேஜ்) தள்ளவோ, எண்களைப் பூஜ்யமாக்கும் அழிப்பு நெம்பை இழுக்கவோ முயலக் கூடாது. பலத்தைப் பயன்படுத்தினால் மெல்லிய ஊசிப் பற்களும், ஓர் இலக்கத்திலிருந்து அடுத்ததற்குக் கணக்கைக் கடத்தும் நெம்புகளும் வளையும். பிசினால் இறுகிய மெஷினை மீட்டுவிடலாம். பல் வளைந்த மெஷினுக்கு உதிரி தேடி அலைய வேண்டியிருக்கும்.

மின்சார மெஷினானால் பிளக்கைச் சொருகவே வேண்டாம். அமெரிக்காவிலிருந்து வந்தது 110 முதல் 120 வோல்ட்டுக்கானது. நம் 230 வோல்ட்டில் மோட்டார் கருகிவிடும். 230 வோல்ட்டுக்கே செய்ததாக இருந்தாலும், பழைய காகிதக் கபாசிட்டர் ஈரம் ஏறிக் கசியும். ரப்பர் உறையிட்ட ஒயர் தொட்டாலே உதிரும். அமெரிக்க மின்சாரம் 60 ஹெர்ட்ஸ், நம்முடையது 50. வோல்ட்டேஜை மட்டும் டிரான்ஸ்பார்மர் வைத்துச் சரிசெய்தால், சில வகை மோட்டார்கள் ஆறில் ஒரு பங்கு மெதுவாக ஓடும். இது பெரிய இடங்களுக்கும் வரும் தலைவலி. கலிபோர்னியாவில் மவுண்டன் வியூ நகரில் உள்ள கம்ப்யூட்டர் ஹிஸ்டரி மியூசியத்தில் தன்னார்வலர்கள் மீட்டெடுத்த ஐபிஎம் 1401 கணினிகளில் ஒன்று ஜெர்மனியிலிருந்து வந்தது. அது 50 ஹெர்ட்ஸுக்குச் செய்தது என்பதால், அங்கே கதை தலைகீழ்.

கழற்றும் முன் படம் எடுங்கள்: நான்கு பக்கம், மேல், அடி, பிறகு உறையைத் திறந்து உள்ளே. ஒவ்வொரு படத்திலும் ஒரு மில்லிமீட்டர் அளவுகோல் தெரிய வேண்டும். பிளாஷ் வேண்டாம், நிக்கல் பூச்சு பளீரென்று வெளுத்து விவரம் அழிந்துவிடும். ஜன்னல் வெளிச்சமே நல்லது.

பெயர்ப் பலகையை நம்பாமல் குடும்பத்தைக் கண்டுபிடியுங்கள்

எந்த அருங்காட்சியகத்துக்கு எழுதுவது என்பதைக் கம்பெனிப் பெயர் மட்டும் சொல்லாது. அந்தக் கம்பெனியை யார் வாங்கினார்கள், எந்தத் தொழிற்சாலையின் வடிவமைப்பு அது என்பது தெரிய வேண்டும். புதியவர்கள் அதிகம் தடுமாறும் இடம் இது.

தமிழ்நாட்டு டைப் இன்ஸ்டிட்யூட்களில் ஓடிய ஃபேசிட் மெஷின்களைப் பாருங்கள். சென்னைப் பெருங்குடியில் ஃபேசிட் ஏசியா என்ற தொழிற்சாலை இருந்தது. தாய்க் கம்பெனி ஸ்வீடனின் ஓட்விடாபெரி ஊரைச் சேர்ந்தது. ஆனால் அந்த டைப்ரைட்டரின் வேர் இன்னும் பின்னால், ஸ்வாங்ஸ்டா ஊரின் ஹால்டா தொழிற்சாலையில் இருக்கிறது. ஹால்டாவை ஓட்விடாபெரி கம்பெனி 1938இல் வாங்கியது. எனவே சென்னையில் செய்த ஃபேசிட்டுக்கு 'ஃபேசிட்' என்று மட்டும் தேடாமல் 'ஹால்டா' என்றும் தேட வேண்டும்.

கணக்குப் பொறியிலும் இதே கதைதான். வில்கோட் ஓட்னர் ஸ்வீடன்காரர். சக்கரத்தில் பற்கள் வெளியே நீண்டு உள்ளே மறையும் பின்வீல் பொறியை உருவாக்கியது ரஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில். 1892இல் ஜெர்மனியின் பிரவுன்ஷ்வைக் நகரக் கம்பெனி ஒன்று உரிமம் பெற்று 'புருன்ஸ்விகா' என்ற பெயரில் செய்தது. 1917 புரட்சிக்குப் பின் ஓட்னர் குடும்பம் ஸ்வீடனின் யோத்தபோரி நகருக்குப் போய் 'ஒரிஜினல் ஓட்னர்' செய்தது. ரஷ்யாவில் தங்கிய மரபு 'ஃபெலிக்ஸ்' ஆனது. 1942இல் ஒரிஜினல் ஓட்னரையும் ஓட்விடாபெரி கம்பெனியே வாங்கிவிட்டது. புருன்ஸ்விகா, ஃபெலிக்ஸ், ஒரிஜினல் ஓட்னர் மூன்றுக்கும் அடிப்படை இயக்கம் ஒன்று. ஒன்றின் கையேடு மற்றதைப் புரிந்துகொள்ள உதவும். ஆனால் ஃபேசிட்டின் பத்து விசைக் கணக்குப் பொறி வேறு. கார்ல் ருடின் வடிவமைத்து 1932இல் வந்த அதில் பின்வீலின் உள்ளமைப்பே மாறியிருக்கிறது. அதற்கு ஓட்னர் கையேடு வழிகாட்டாது.

யாழ்ப்பாணத்தில் பிறந்த ஆர். முத்தையாவின் தமிழ் விசைப்பலகையோடு வந்த 'பிஜோ' கையடக்க மெஷின் உங்களிடம் இருந்தால், அது ஜெர்மனியின் டிரெஸ்டனில் சைடல் அண்டு நௌமன் கம்பெனி செய்தது. 'எரிக்கா' என்ற பெயரில் அங்கே விற்ற மெஷினின் ஏற்றுமதிப் பெயர்தான் பிஜோ. ஆகவே தேட வேண்டிய சொல் எரிக்கா.

வரிசை எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். டைப்ரைட்டரில் வண்டியை இரு கோடிக்கும் தள்ளிப் பார்த்தால் பெரும்பாலும் அடிச்சட்டத்தில் பொறித்திருக்கும். வண்டியிலும் தனி எண் இருக்கிறதா என்று பாருங்கள். இன்ஸ்டிட்யூட்டில் ஓடிய மெஷின் பல நேரங்களில் இரண்டு மூன்று மெஷின்களின் கலவை. சட்டம் ஒன்று, வண்டி ஒன்று. அதைச் சொல்லாமல் விட்டால் அருங்காட்சியகம் தரும் படத்தோடு உங்கள் மெஷின் ஒத்துப்போகாது. காப்புரிமை எண் பொறித்திருந்தால் அது பொக்கிஷம். காப்புரிமை வரைபடங்கள் இணையத்தில் இலவசம். ஒரு நெம்பு எதற்காக இருக்கிறது என்பதைக் கையேட்டை விடவும் தெளிவாக அவை காட்டும்.

குறையை ஒரே கேள்வியாகச் சுருக்குங்கள்

"மெஷின் ஓடவில்லை" என்ற கடிதத்துக்கு யாராலும் பதில் எழுத முடியாது. ஓட்னர் வகைப் பொறி சுற்றுகிறது, ஆனால் தவறாகக் கணக்குப் போடுகிறது என்றால், மூன்று சோதனைகள் போதும்.

எல்லாவற்றையும் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்து, ஒன்றாம் இடத்தில் 1 வைத்து, கழித்தல் திசையில் ஒரு முழுச் சுற்று சுற்றுங்கள். விடைச் சாளரங்களில் வரிசையாக 9 வர வேண்டும். மணி உள்ள மாடலில் மணி அடிக்கும். பிறகு கூட்டல் திசையில் ஒரு சுற்று: எல்லாம் 0 ஆக வேண்டும். வலமிருந்து நான்காம் இடம்வரை 9 வந்து, ஐந்தாம் இடத்தில் 0 நின்றுவிட்டால், நான்கிலிருந்து ஐந்துக்குக் கடத்தும் நெம்பு ஒட்டியிருக்கிறது. இங்கே ஒரு கண்ணி உண்டு: பல மாடல்களில் இடக்கோடியில் உள்ள சில இடங்களுக்குக் கடத்தல் போய்ச் சேராது, வடிவமைப்பே அப்படி. அங்கே 0 நிற்பதைப் பழுது என்று எண்ணிக் கழற்றியவர்கள் உண்டு. "இந்த மாடலில் கடத்தல் எத்தனையாவது இலக்கம் வரை?" என்பது அருங்காட்சியகத்திடம் கேட்க மிகப் பொருத்தமான கேள்வி.

அடுத்தது, 12345679 வைத்துக் கூட்டல் திசையில் ஒன்பது சுற்று. விடை 111111111. எட்டு இல்லாததைக் கவனியுங்கள். அது எழுத்துப் பிழையல்ல. மூன்றாவதாக அதே எண்ணை 72ஆல் பெருக்குங்கள்: ஒன்றாம் இடத்தில் இரண்டு சுற்று, வண்டியை ஓரிடம் நகர்த்தி ஏழு சுற்று. 888888888 வர வேண்டும். எந்த இடத்தில் எவ்வளவு பிசகுகிறது என்று குறித்தால் பழுதான சக்கரம் எது என்று தெரிந்துவிடும்.

டைப்ரைட்டரில் வண்டி நகரவில்லையா? மெயின் ஸ்பிரிங் உருளையிலிருந்து வண்டிக்குப் போகும் நாடா அறுந்திருக்கிறதா, கொக்கியிலிருந்து கழன்றிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பெரும்பாலும் அவ்வளவுதான், இதற்குக் கடிதமே வேண்டாம், நெய்த மீன்பிடி நூல் போதும். நாடா இல்லாத உருளையைக் கையால் பிடிக்காமல் பூட்டைத் தளர்த்த வேண்டாம். ஸ்பிரிங் ஒரே வீச்சில் அவிழ்ந்து முனை பிய்ந்துவிடும். எழுத்துத் தண்டுகள் மேலே போய் நின்றுவிட்டால், தண்டுகள் நுழையும் பிளவுகளில் அழுக்கு இறுகியிருக்கிறது. பெயிண்ட் கடை டர்பன்டைனைப் பழைய பல் துலக்கியில் தொட்டு, கீழே துணி விரித்துத் தேயுங்கள். அங்கே எண்ணெய் விடவே கூடாது.

தமிழ் மெஷினுக்கே உரிய ஒரு குறை இருக்கிறது: புள்ளி போன்ற குறிகளை அடிக்கும்போது வண்டி நகரக் கூடாது, ஆனால் நகர்ந்துவிடும். "தமிழ் மெஷின் பற்றி ஸ்வீடன்காரருக்கு என்ன தெரியும்?" என்று விட்டுவிடாதீர்கள். பிரெஞ்சு, ஸ்பானிஷ் மொழிகளின் உச்சிக்குறிகளுக்கும் இதே ஏற்பாடுதான். டெட் கீ என்பார்கள். ஐரோப்பியக் கையேட்டில் அதைச் சரிசெய்யும் பக்கம் இருக்க வாய்ப்பு அதிகம். கேள்வியில் தமிழ் என்பதை விட 'டெட் கீ' என்பதை முன்னால் வையுங்கள்.

எங்கே எழுதுவது

ஸ்வீடன் மெஷின்களுக்கு முதல் வாசல் 'டிஜிட்டால்ட் மியூசியம்' என்ற பொது இணையப் பட்டியல். ஸ்வீடன், நார்வே அருங்காட்சியகங்கள் பலவற்றின் பொருள்கள் படத்தோடு அதில் இருக்கின்றன; ஸ்டாக்ஹோமின் டெக்னிஸ்கா மியூசியமும் அதில் உண்டு. கணக்குப் பொறிக்கு ஜெர்மனியின் பான் நகரில் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த அரித்மியம், பாடர்போர்னில் ஹைன்ஸ் நிக்ஸ்டார்ஃப் மியூசியம்ஸ்ஃபோரம். எரிக்கா, பிஜோவுக்கு டிரெஸ்டனின் தொழில்நுட்பச் சேகரிப்பு அருங்காட்சியகம். ஒலிவெட்டிக்கு இத்தாலியின் இவ்ரேயாவில் கம்பெனியின் வரலாற்று ஆவணக் காப்பகம். அமெரிக்க மெஷின்களுக்கு வாஷிங்டனின் ஸ்மித்சோனியன். கோத்ரெஜ் டைப்ரைட்டருக்கு வெளிநாடு போக வேண்டாம்: மும்பை விக்ரோலியில் கோத்ரெஜ் ஆவணக் காப்பகம் இருக்கிறது. எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தில் வேதியியல் பாதுகாப்புப் பிரிவு உண்டு. அங்கே கேட்க வேண்டியது துரு, பூச்சு பற்றி, பல் சக்கரம் பற்றி அல்ல.

மெஷினை ஓட்டிக் காட்டும் அருங்காட்சியகத்துக்கும் பாதுகாத்து மட்டும் வைக்கும் அருங்காட்சியகத்துக்கும் வித்தியாசம் பெரிது. முதல் வகையில் பழுது பார்க்கும் தன்னார்வலர்கள் இருப்பார்கள். அனுபவ அறிவு அவர்களிடம்தான். இரண்டாம் வகையில் மெஷினின் கைப்பிடியைச் சுழற்றிப் பார்க்கச் சொல்லிக் கேட்பதே தவறு. 1950இல் யாரோ விட்ட எண்ணெய்கூட அவர்களுக்கு ஒரு சான்று. அங்கே காகிதத்தைக் கேளுங்கள்.

கடிதம்

பட்டியலில் உங்கள் மாடலைக் கண்டுபிடித்து, அதன் பதிவு எண்ணைக் கடிதத்தில் குறிப்பிடுங்கள். இந்த ஒரு வரி காப்பாளரின் அரை நாள் தேடலை மிச்சப்படுத்தும். ஒரு கடிதத்தில் ஒரு மெஷின், ஒரு கேள்வி, நான்கைந்து படம். ஆங்கிலத்தில் எளிய வாக்கியங்களாக எழுதுங்கள். உள்ளடக்கம் இப்படி இருக்கலாம்:

"வணக்கம். என்னிடம் ஒரிஜினல் ஓட்னர் கணக்குப் பொறி உள்ளது. மாடல் இது, வரிசை எண் இது. உங்கள் சேகரிப்பில் இந்தப் பதிவு எண்ணில் இருப்பதும் இதே மாடல் என்று தெரிகிறது. 0இலிருந்து 1 கழிக்கும்போது ஒன்பதாம் இடம் வரை 9 வருகிறது. பத்தாம் இடத்தில் 0 நிற்கிறது. இது வடிவமைப்பா, பழுதா என்று அறிய விரும்புகிறேன். இந்த மாடலின் பழுதுபார்ப்புக் கையேடு உங்கள் காப்பகத்தில் இருந்தால், கடத்தல் பற்றிய பக்கத்தின் நகல் கிடைக்குமா? கட்டணம் உண்டெனில் தெரிவிக்கவும். மெஷினை இதுவரை கழற்றவில்லை. சொந்த உபயோகத்துக்கு மட்டுமே, விற்பனைக்கு அல்ல."

கடைசி இரண்டு வரிகளை விட்டுவிடாதீர்கள், அவை உண்மையாக இருக்கும் பட்சத்தில். கழற்றிவிட்டிருந்தால் அதையும் சொல்லுங்கள். எதை, எந்தப் பக்கத்திலிருந்து என்று. முழுக் கையேட்டையும் கேட்காதீர்கள். நூறு பக்க ஸ்கேன் என்றால் பதிப்புரிமை, கட்டணம், ஆள் நேரம் என்று மூன்று தடை. இரண்டு பக்கம் என்றால் அனுப்புவது எளிது. ஆனாலும் பதில் வர வாரங்கள் ஆகலாம். ஒரு மாதம் கழித்து ஒரு நினைவூட்டல் எழுதலாம். வாரத்துக்கு ஒன்று எழுதினால் கோப்பு அடியில் போய்விடும்.

உதிரி பாகம் தேவையென்றால் கேட்கும் விதம் வேறு. "ஒரே மாடலில் கூடுதலாக உள்ள, பதிவு செய்யாத மெஷின்களோ, பார்வையாளர் தொட்டுப் பார்ப்பதற்கான மெஷின்களோ உங்களிடம் உண்டா? அவற்றில் இந்தப் பாகத்தை அளந்து சொல்ல முடியுமா?" என்று கேளுங்கள். பாகம் வராது, அளவு வரும். அளவு இருந்தால் கோயம்புத்தூர் லேத் பட்டறையில் செய்துகொள்ளலாம்.

நேரில் போக வாய்ப்புக் கிடைத்தால்

பல அருங்காட்சியகங்களில் காட்சியில் இருப்பதைவிடக் கிடங்கில் இருப்பதே அதிகம். எடுத்து வைக்க முன்கூட்டியே சொல்ல வேண்டும். பென்சில் கொண்டுபோங்கள், பேனா வேண்டாம். எஃகு வெர்னியரை உள்ளே விடமாட்டார்கள், கீறும் என்பதால். பிளாஸ்டிக் வெர்னியர் எடுத்துப் போங்கள். நைட்ரைல் கையுறை. மெஷினைத் திருப்புவது காப்பாளர் வேலை. நீங்கள் திருப்பக் கூடாது.

திருகு மரையைத் தொடாமலே அளக்கலாம்: அளவுகோலை அருகே வைத்து நெருக்கமாகப் படமெடுத்து, 10 மில்லிமீட்டரில் எத்தனை மரை என்று வீட்டில் எண்ணுங்கள். ஸ்வீடன், ஜெர்மனி மெஷின்களில் பெரும்பாலும் மெட்ரிக். அமெரிக்க, பிரிட்டிஷ் மெஷின்களில் அங்குலக் கணக்கு; சில கம்பெனிகள் தமக்கென்றே தனி மரை வைத்திருந்தன. கிட்டத்தட்டப் பொருந்தும் திருகை முறுக்கி ஏற்றினால் துளையின் மரையே போய்விடும்.

பதில் வந்த பிறகு

கையேடு ஸ்வீடிஷிலோ ஜெர்மனிலோ இருக்கும். மொழிபெயர்ப்புச் செயலி பாகப் பெயர்களைத் தப்பும் தவறுமாக மாற்றும்; பெயரை விட்டுவிட்டுப் படத்திலுள்ள பாக எண்ணைப் பிடித்துக்கொண்டு படியுங்கள்.

சுத்தம் செய்யும்போது பூச்சில் கவனம். பழைய கறுப்பு எனாமலின் மேல் உள்ள பொன் எழுத்துகளுக்கு மேலே ஷெல்லாக் (அரக்கு வார்னிஷ்) அடித்திருக்கலாம். ஸ்பிரிட், ஐசோபுரோபைல் ஆல்கஹால் பட்டால் கரைந்து எழுத்தோடு வந்துவிடும். அடிப்பக்கத்தில் ஒரு மிளகு அளவு இடத்தில் தொட்டுப் பார்த்த பிறகே மேலே வாருங்கள். உள்ளே டர்பன்டைனால் கழுவி, உலர்த்தி, சுழலும் அச்சுகளில் மட்டும் தையல் மெஷின் எண்ணெய். ஊசி முனையில் தொட்டு ஓர் இடத்துக்கு ஒரு துளி. பழைய செல்லுலாய்டு விசைகள் எளிதில் தீப்பிடிக்கும், சூட்டுக் காற்று காட்ட வேண்டாம்.

வார்ப்புப் பாகம் ஒன்று உப்பி, மேலே மயிரிழை விரிசல் வலைபோல் ஓடியிருந்தால், அது ஈயம் கலந்த துத்தநாக வார்ப்பின் நோய். ஒட்டினாலும் நிற்காது, ஏனென்றால் சிதைவு உள்ளிருந்து வருகிறது. மாற்றுப் பாகம் தயாராகும்வரை அதைக் கழற்ற முயலாமல், இருக்கும் நிலையிலேயே வடிவத்தைப் படமெடுத்து, பித்தளையில் மாற்றுப் பாகம் செய்வதுதான் வழி. உப்பிய பாகத்தின் அளவு நிஜ அளவைவிடக் கூடியிருக்கும் என்பதால், இதற்குத்தான் அருங்காட்சியக மெஷினின் அளவு கட்டாயம் தேவை.

டைப்ரைட்டர் ரோலர் கல்லாகியிருந்தால் மணல் காகிதம் போட்டுத் தேய்ப்பது சில மாதங்களுக்குத்தான் உதவும். ரப்பர் ரோலர் செய்யும் பட்டறையில் மறு உறை போடச் சொல்லுங்கள். கடினத்தை ஷோர் ஏ அளவில் குறிப்பிட்டு, விட்டத்தைப் பத்தில் ஒரு மில்லிமீட்டர் வரை எழுதிக் கொடுங்கள். விட்டம் மாறினால் எழுத்து விழும் இடமும் வரி இடைவெளியும் மாறும். ரோலரின் தேய்ந்த நடுப்பகுதியில் அளக்காதீர்கள். காகிதம் ஓடாத இரு ஓரங்களில் அளந்தால் பழைய விட்டம் கிடைக்கும்.

வேலை முடிந்ததும் மாற்றிய பாகத்தின் அடியில் ஆண்டைப் பொறித்து, அளவெடுத்த வரைபடத்தையும் படங்களையும் அந்தக் காப்பாளருக்கு அனுப்புங்கள். அடுத்த மெஷினுக்கு எழுதும்போது உங்கள் கடிதத்தைத் திறந்து படிக்க அவருக்கு ஒரு காரணம் இருக்கும்.